மஞ்சள் காரில் மூன்றாவது ஆள்

என் கணவர் என்னைப் பெண் பார்க்க வருவதற்கு ஒரு வருடம் முன்பே அந்தக் காரை வாங்கியிருந்தார். கோயம்புத்தூரில் ஒருவர் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்ற ஸ்போர்ட்ஸ் கார். மஞ்சள் நிறம், இரண்டே கதவுகள், தரையோடு ஒட்டி நிற்கும். பின்னால் இரண்டு சீட்டுகள் உண்டு என்று பேர். என் மாமனார் ஒருநாள் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். இறங்கும்போது இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கவேண்டியதாகிவிட்டது. "ஆட்டுக்குட்டி ஏத்தறதுக்கு ஆகுமுங்க" என்று சொல்லிவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனவர், அதற்கப்புறம் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை.

எங்களுக்குப் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி. வீடு கம்பெனிக்குப் பின்புறமே இருப்பதால் வேலைக்குப் போக வண்டி தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில்தான் அந்தக் கார் வெளியே வரும். கல்யாணமான புதிதில் அவரும் நானும் அவிநாசி ரோட்டில் எங்காவது ஒரு டீக்கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்புவோம். வழியில் வேகத்தடை வந்தால் நான் இறங்கிக்கொள்ளவேண்டும். இருவர் எடையோடு ஏறினால் வண்டியின் அடிவயிறு உரசும். அவர் கோணலாக ஏற்றி இறக்குவார். நான் பட்டுப்புடவையோடு நடந்து தாண்டிப் போய் மறுபடியும் ஏறிக்கொள்வேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

கூட்டுக் குடும்பத்தில், எந்நேரமும் கம்பெனி ஆட்கள் வந்துபோகிற வீட்டில், நானும் அவரும் தனியாகப் பேச அந்தக் காருக்குள்தான் இடம் கிடைத்தது. அவர் சின்ன வயதில் திக்குவாயாக இருந்தார் என்பதையும், நான் ஒருமுறை படிப்பை விட்டுவிட நினைத்தேன் என்பதையும் அங்கே உட்கார்ந்துதான் சொல்லிக்கொண்டோம். இதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததைச் சொன்னால் நான் செய்தது விளங்காது.

கம்பெனியில் என் வேலை தரம் பார்ப்பது. டெக்ஸ்டைல் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு அதே வேலையை எங்கள் கம்பெனியிலேயே பார்க்க ஆரம்பித்தேன். நாங்கள் தைப்பது முழுக்கக் கைக்குழந்தைகளின் உடுப்புகள். வெளிநாட்டுக்குப் போகிறவை. குழந்தைச் சட்டையில் வைக்கும், அழுத்திப் பூட்டுகிற டிச் பட்டன் ஒவ்வொன்றையும் மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்கவேண்டும். பட்டன் துணியை விட்டுக் கழன்று வந்தால் அந்த லாட்டே, அதோடு சேர்ந்து தைத்த உடுப்பு மொத்தமும், நிற்கும். தையல் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்கவேண்டும். அவற்றைப் பொறுக்கி நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் துணி எல்லாவற்றையும் மெட்டல் டிடெக்டரில் விடவேண்டும்.

ஒருமுறை லாரியில் ஏற்றத் தயாராக இருந்த பெட்டிகளை ஒரே ஒரு பட்டனுக்காக நிறுத்தினேன். மாமனாருக்குக் கடுமையான கோபம். "ஒரு பட்டனுக்குப் போயி இத்தனை பொட்டிய நிறுத்துவாங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"கொழந்தை அதைக் கழட்டி வாயில போட்டுக்கிச்சுன்னா யாருங்க மாமா பதில் சொல்றது?" என்றேன்.

பெட்டிகள் இறங்கின. அப்படி ஒரு பேர் எனக்கு இருந்தது.

முதல் பிரசவத்துக்குக் கணியூரில் அம்மா வீட்டுக்குப் போனேன். பெண் குழந்தை பிறந்தாள். நாலரை மாதம் அங்கேயே இருந்தேன். அவர் வாராவாரம் மஞ்சள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய் வழியனுப்புவேன். கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் தூங்குவதுமாகப் போன நாட்கள். எனக்கு என் குழந்தை பிடித்திருந்தது. ஆனால் அந்தக் காரில் உட்கார்ந்து எங்காவது போகவேண்டும் என்ற ஆசையும் கூடவே இருந்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் மாதம் என்னையும் குழந்தையையும் அழைத்துப் போக மாமனாரும் மாமியாரும் பெரிய காரில் வந்தார்கள். டிரைவர் ஓட்டிவந்தார். சீர் சாமான்கள் ஏற்ற இடம் பற்றாது என்று என் கணவர் தன் காரிலும் பின்னால் வந்திருந்தார். சாப்பாடு முடிந்தது. தொட்டிலும் பாத்திரங்களும் இரண்டு வண்டிகளிலுமாக ஏறின. மாமியார் பெரிய காரின் பின்சீட்டில் ஒரு மெத்தையை விரித்து எனக்கு இடம் தயார் செய்துவிட்டார்.

நான் மஞ்சள் காரின் கதவைத் திறந்துகொண்டு நின்றேன்.

"இதுல வர்றனுங்க அத்தை" என்றேன்.

"அது கெடந்து குலுக்குமே அம்மிணி" என்றார் மாமியார்.

"மெதுவா ஓட்டச் சொல்றனுங்க."

இவர் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நீ அந்த வண்டிலயே வந்துரு. பாப்பாவ வெச்சுட்டு இதுல வேண்டாம்."

"மடியில கெட்டியா வெச்சுக்கறனுங்க. என்ன ஆயிரப் போகுது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நாலரை மாதமாக எதற்கு ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மறுத்துப் பேசவில்லை. மாமியாரும் விட்டுவிட்டார். பெரிய கார் முன்னால் போக, நாங்கள் பின்னால் கிளம்பினோம்.

நான் பெல்ட் போட்டுக்கொண்டேன். பெல்ட்டுக்கு மேலே, என் மடியில், இடது கையின் மடிப்பில் குழந்தை. எங்கள் கம்பெனியில் தைத்த முன்பக்கம் திறக்கும் சட்டை ஒன்றை அவளுக்குப் போட்டுவிட்டிருந்தேன். காலடியில் அம்மா கட்டிக்கொடுத்த துணிப்பை. அதற்குள் நாப்கின்களும் மாற்றுத் துணிகளும். பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். அவர் நிஜமாகவே மெதுவாகத்தான் ஓட்டினார். பெரிய கார் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. குழந்தை தூங்கிவிட்டாள். நாங்கள் பேச ஆரம்பித்தோம். என்ன பேசினோம் என்று இப்போது நினைவில்லை. சந்தோஷமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

தாராபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடதுபுறம் மக்காச்சோளக் காடு. அதிலிருந்து ஒரு மயில் ரோட்டில் குதித்தது. அது தாண்டிப் போய்விடும் என்று நினைத்த அடுத்த கணம், பின்னாலேயே இன்னொன்று வந்து வண்டிக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. அவர் பிரேக்கை மிதித்தார்.

அந்தக் காரின் பிரேக் நல்ல பிரேக். வண்டி ஆணி அடித்து இறக்கியதுபோல நின்றது. பெல்ட் என்னைச் சீட்டோடு பிடித்து இழுத்தது. குழந்தையை யாரும் பிடிக்கவில்லை. என் கைக்குள் இருந்தவள் கைக்குள் இல்லை. எட்டி, அவள் முதுகுப்பக்கத்துச் சட்டையைப் பிடித்தேன். கழுத்திலிருந்து வயிறுவரை டிச் பட்டன்கள் வரிசையாகத் திறந்துகொள்கிற சத்தம் கேட்டது. ஒரு பட்டன்கூடத் துணியை விட்டுக் கழன்று வரவில்லை. திறக்கத்தான் செய்தன. துணி மாற்றும்போது சுலபமாகத் திறக்கவேண்டும் என்றுதானே அவற்றை வைக்கிறோம். என் கையில் சட்டை இருந்தது. குழந்தை என் காலடியில் துணிப்பையின்மேல் கிடந்தாள். ஒரு கை மட்டும் சட்டைக்குள் மாட்டியபடி இருந்தது. அவள் தலைக்கும் அந்த பிளாஸ்க்குக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளிதான்.

முதலில் அவள் அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பிறகு வீறிட்டாள். எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். புருவத்துக்கு மேலே என் வளையல் கீறிய கோடு. அதில் துளி ரத்தம். அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "பாப்பாவுக்கு என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மயில் எப்போது போனது என்று இருவருக்கும் தெரியாது.

தாராபுரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். கைகால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்ணுமில்லீங்க, நல்லாருக்கா. நாளைக்கு வரைக்கும் கவனமாப் பாருங்க. வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காம மந்தமா இருந்தாலோ ஒடனே தூக்கிட்டு வந்துருங்க." கீறலுக்கு மருந்து தடவிக்கொண்டே கேட்டார். "மடியில வெச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க டாக்டர். கெட்டியாத்தான் புடிச்சிருந்தனுங்க."

"புடிச்சிருப்பீங்க. யார் புடிச்சாலும் நிக்காதுங்க. ஆறரைக் கிலோ பாப்பா, பிரேக் போட்டா ஆறரைக் கிலோவாவா இருக்கும்? மூட்டை மாதிரி ஆயிரும்." திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜன்னல் வழியாக வெளியே நின்ற காரைப் பார்த்தார். "அந்த வண்டிங்களா?"

"ஆமாங்க" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு. "இந்த மாதிரி வண்டில கொழந்தைய ஏத்துனதே தப்புங்க."

"எந்த வண்டியா இருந்தாலும் மடியில வெச்சா இதே கதைதானுங்க. கொழந்தைக்குன்னு தனி சீட்டு விக்கறாங்க. வாங்கி மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆரத்தித் தட்டோடு எல்லோரும் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் குழந்தையின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். "இதென்னங்க கண்ணு, நெத்தில?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். "வழியில மயில் குறுக்க வந்துருச்சுங்கம்மா. நாந்தான் கொஞ்சம் வேகமா வந்துட்டேன். சடன் பிரேக் போட்டதுல அவ வளையல் பட்டுருச்சு. டாக்டர்கிட்டக் காட்டியாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

அவர் வேகமாக வரவில்லை. அது எனக்கும் அவருக்கும் தெரியும். ஆரத்தி சுற்றப்பட்டது. சிவப்புத் தண்ணீர் என் காலருகில் கொட்டப்பட்டது. நான் குழந்தையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

"அந்த வண்டிய வித்துப்போடு" என்றார் மாமனார்.

இவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். காரைக் கம்பெனியின் பழைய தறிக்கொட்டகைப் பக்கம் நிறுத்தி மேலே தார்பாய் போட்டு மூடினார்கள்.

குழந்தைக்கு வாந்தி ஏதும் இல்லை. மறுநாள் எப்போதும்போலக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள். கீறல் நாலைந்து நாளில் மறைந்துவிட்டது. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கதை கேட்டார்கள். மாமியார் ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதையில் கார் கொஞ்சம் வேகமாகப் போனது. இவர் ஒருநாளும் மறுக்கவில்லை. தனியாக இருக்கும்போது நான் பேச்செடுத்தால், "போகட்டும் விடு, எப்படியும் என்னையத்தான் சொல்லுவாங்க" என்பார்.

நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம்தான். தரம் பார்க்கும் வேலையில் எனக்குப் பத்து வருடப் பழக்கம் இருந்தது. அம்மாவாக எனக்கு வயது நாலரை மாதம். உண்மையைச் சொன்னால் இனிமேல் குழந்தையை என்னிடம் தனியாக விடமாட்டார்கள் என்று தோன்றியது. ஒரு லாட்டில் ஒரு தப்பு கண்டால் லாட்டையே நிறுத்துகிறவள் நான். அதே கணக்கில் என்னையும் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பதினோராவது நாள் மாமியாரின் தங்கை திருப்பூர் ராயபுரத்திலிருந்து வந்திருந்தார். இருவரும் சமையலறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் சொல்வது கேட்டது. "இவ மேல ஒரு தப்பும் இல்ல. கம்பெனில ஒரு பட்டன் போறதுக்கு உடமாட்டா, அத்தனை கவனம். எம்பையந்தான் பொறுப்பில்லாம ஓட்டிப்போட்டான்."

குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அத்தை, அவர் வேகமா ஓட்டலீங்க. பெரிய வண்டிலயே வான்னு சொன்னாருங்க. நாந்தான் கேக்கலீங்க. மடியில வெச்சுக்கறேன்னு சொன்னதும் நாந்தான். கைய விட்டு நழுவி, பாப்பா கீழ விழுந்துட்டாளுங்க அத்தை."

கீழே விழுந்ததை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தங்கை கத்தியை வைத்துவிட்டு மாமியாரைப் பார்த்தார். மாமியார் கையிலிருந்த அவரைக்காயை நார் உரித்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"குலுக்குமேன்னு நானும் சொன்னேன். அதோட உட்டுட்டேன்" என்றார் கடைசியில். "கையப் புடிச்சு இந்த வண்டில ஏத்தியிருக்கோணும்." கொஞ்சம் கழித்துக் கேட்டார். "எங்க மெத்தைல படுக்கப் போட்டுட்டு வந்திருந்தா மட்டும் பிரேக் போட்டா பாப்பா நின்னிருக்குமா?"

"நின்னிருக்காதுங்க அத்தை."

"அப்ப நம்ம அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கறோம்" என்று சொல்லிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குழந்தைக்காக இரண்டு கைகளையும் நீட்டினார். கொடுத்தேன். சற்று நேரம் வைத்திருந்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அன்று அவர் எனக்குச் செய்ததில் பெரிய காரியம் அதுதான்.

மாமனாரிடம் மாமியாரே சொல்லியிருக்கவேண்டும். மறுநாள் காலை இவர் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் கார் சாவி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் தார்பாயை எடுத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தோம். டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்து இவர் படித்தார். நான் வெயில் கண்ணில் அடிக்கிறதே என்று மேலே இருந்த மறைப்பை இறக்கினேன். அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. குழந்தை சீட்டின் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் விரிகிற ஏர்பேக்கின் படம். அதற்கு அடுத்துதான் கண்ணாடி. மூன்று வருடமாக அந்தக் கண்ணாடியில் பார்த்து நான் பொட்டைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். குழந்தைகளின் இரவு உடுப்பில் தீ எச்சரிக்கை லேபிள் ஒரு அங்குலம் தள்ளித் தைத்திருந்தால் பிரிக்கச் சொல்கிறவள், இந்தப் படத்தை ஒருநாள்கூடப் படிக்கவில்லை.

இவர் கையேட்டின் அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினார். முன்சீட்டில் குழந்தை இருக்கும்போது வண்டி எதிலாவது மோதினால் ஏர்பேக் என்ன செய்யும் என்று எழுதியிருந்தது. "அன்னைக்கு மயிலுக்குப் பதிலா லாரி நின்னிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

குழந்தை சீட்டு ஒன்றை வாங்கினோம். முதலில் மஞ்சள் காரின் பின்பக்கம் வைத்துப் பார்த்தோம். கைக்குழந்தைக்கு அது பின்னோக்கிப் பார்த்தபடி சாய்ந்திருக்கவேண்டும். முன்சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளினாலும் இடம் பற்றவில்லை. முன்பக்கம் வைக்கலாம், அந்தக் காரில் கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கிறது. சாவியை விட்டுத் திருப்பினால் அந்தப் பக்கத்து ஏர்பேக் அணைந்துவிடும். அணைந்ததற்கு அடையாளமாக ஒரு சின்ன விளக்கு எரியும். கையேடு அதை அனுமதிக்கிறது. என் மனசு அனுமதிக்கவில்லை. சீட்டைப் பெரிய காரின் பின்பக்கம் மாட்டினோம். மாட்டியபின் அதைப் பிடித்து நான் இழுத்து இழுத்துப் பார்த்தேன். "பட்டன் டெஸ்ட் மிஷினுக்குக் கொண்டு போலாமா?" என்று கேட்டார் இவர். நடந்ததற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

முதல் சில நாட்கள் குழந்தை அந்தச் சீட்டில் கதறினாள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "கட்டிப் போட்ட மாதிரி இருக்குதே" என்றார். ஆனால் அவிழ்த்து மடியில் வைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வழிமுழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்.

நான் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்த சமயம். செக்கிங் பிரிவில் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், தன் எட்டு மாதக் குழந்தையைக் கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தில் விட வருவாள். கணவன் பைக் ஓட்ட, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை. கேட்டில் அதைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, பாப்பாவ இப்படி வெச்சுட்டு வராதே. நழுவுனா என்ன பண்ணுவே?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "வேற எப்படிக்கா வரச் சொல்றீக? உங்க வீட்ல ரெண்டு காரு நிக்கிது, எதுல ஏத்துறதுன்னு யோசிக்கிறீக. எங்ககிட்ட இந்த ஒரு பைக்குதான் இருக்கு. ஷிப்டுக்கு நேரமாச்சுல்ல."

கம்பெனி வேன் விடுதிப் பெண்களை மட்டும்தான் ஏற்றிவந்துகொண்டிருந்தது. அது அவள் தெருவழியாகச் சுற்றிவந்தால் பத்து நிமிடம் கூடும். மாமனாரிடம் கேட்டேன். டிரைவரிடம் பேசிவிட்டுச் சரி என்றார். கைக்குழந்தையோடு வருகிற மூன்று பேர் அதில் வர ஆரம்பித்தார்கள். வேனிலும் குழந்தைகள் மடியில்தான் வருகின்றன. அது எனக்குத் தெரியும். வேன் வந்து நிற்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.

மகளுக்கு ஒரு வயது தாண்டி, கழுத்து நன்றாக உறுதிப்பட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மஞ்சள் காரில் ஏற்றினோம். முன்சீட்டைப் பின்னால் முழுக்கத் தள்ளி, ஏர்பேக்கை அணைத்து, விளக்கு எரிகிறதா என்று இருவரும் தனித்தனியே பார்த்து, சீட்டை மாட்டினோம். மிச்சம் இருந்த இடம், டிரைவருக்குப் பின்னால் மாமனார் சொன்ன ஆட்டுக்குட்டி சீட்டுதான். நான் குள்ளம். முழங்கால்களை மடக்கி, பெல்ட் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பேச முடியவில்லை; எஞ்சின் சத்தத்தில் முன்னால் இருப்பவருக்குக் கேட்காது. அவிநாசி ரோடு வரைக்கும் போய்த் திரும்பினோம். இறங்கியபோது கால் மரத்துப்போயிருந்தது. மகள் நன்றாகத் தூங்கியிருந்தாள். அப்படி மாதத்துக்கு ஒருமுறை, அவ்வளவுதான்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். இனி நாலு பேர். போன மாதம் இவரே காரை விற்றுவிடலாம் என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஈரோட்டிலிருந்து ஒரு பையன் மனைவியோடு பார்க்க வந்தான். அவன் இவரோடு எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் முன்சீட்டில் உட்கார்ந்து மெதுவாக வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, பாப்பா பொறந்தப்பறம் இதுல கூட்டிட்டுப் போலாங்களா? சேஃப்தானுங்களா?"

அவள் பக்கத்தில் குனிந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் வைத்தது, மயில், திறந்துகொண்ட பட்டன்கள், நான் பேசாமல் இருந்த பதினோரு நாட்கள். வண்டிமேல் பழி போட எனக்கு உரிமை இல்லை என்றேன். நல்ல பிரேக், தாழ்ந்த வண்டி, சுலபத்தில் கவிழாது. ஆனால் கைக்குழந்தைக்கு இதில் பின்னால் இடம் கிடையாது, முன்னால் வைக்கவேண்டுமானால் இந்தத் துளையில் சாவியைத் திருப்பியாகவேண்டும், ஒருநாள் மறந்தாலும் போச்சு, நாங்கள் ஒரு வருடம் வைக்கவே இல்லை என்றேன். மறைப்பை இறக்கி ஸ்டிக்கரைக் காட்டினேன். அவள் அதை ரொம்ப நேரம் படித்தாள்.

யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று நாள் கழித்து அவள் மட்டும் போன் செய்தாள். குழந்தை சீட்டு எங்கே வாங்கினோம், எந்த அளவு, அதை அவர்கள் வீட்டில் இருக்கும் சின்னக் காரில் மாட்ட முடியுமா என்று கேட்டாள். மாட்டலாம், பின்சீட்டில் பின்னோக்கி மாட்டு, மாட்டியபின் நன்றாக இழுத்துப் பார் என்று சொன்னேன். மஞ்சள் காரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.